பெரிய படம் போட்டு அறிவியல் நடத்தலாமா? கேள்வி பதில்

ஜூம் செய்து உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய மிகப் பெரிய புகைப்படங்களை வைத்து வகுப்பு நடத்துவது பற்றி மதுரைப் பக்கத்து அறிவியல் ஆசிரியர்கள் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மேலூர் ஆசிரியர்: சார், எங்க ஸ்கூல் ப்ரொஜெக்டர் சுமார்தான். நூறு மெகாபிக்சல், அதாவது பத்துக் கோடிப் புள்ளி உள்ள படம் போட்டு என்ன பிரயோஜனம்?

முழுசாகப் போட்டு நிறுத்தினால் ஒன்றுமில்லை. ஃபுல் ஹெச்டி ப்ரொஜெக்டரே 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிதான் காட்டும். உள்ளே போகப் போகத்தான் மீதிப் புள்ளிகள் வேலைக்கு வரும். அதனால் மவுஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள், "அது என்ன சார்?" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். நாமே ஜூம் செய்து காட்டினால் அது வெறும் ஸ்லைடு ஷோ.

திருமங்கலம் டீச்சர்: நெட் சுத்திக்கிட்டே இருக்கு சார்.

முதல் நாளே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அண்ணாநகர் ஆசிரியை: நம்ம ஊர்ப் படமே கிடைக்குமா?

தாராளமாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015-லிருந்து இலவசம். படத்தில் ஒரு புள்ளியின் பக்கம் தரையில் 10 மீட்டர். தெப்பக்குளம் ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர் என்றால் எத்தனை புள்ளி வரும் என்று முதலில் கணக்குப் போடச் சொல்லுங்கள், 30 என்று சொல்லிவிட்டுப் படத்தில் எண்ணிப் பார்ப்பார்கள். அப்புறம் வண்டியூர் கண்மாய்க்கு வாருங்கள். ஆகாயத்தாமரை படர்ந்த இடம் சாதாரணப் படத்தில் புல்வெளி மாதிரி ஏமாற்றும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் சிவப்பாகக் காட்டும் படத்துக்கு மாற்றினால் இலை பளிச்சென்று சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் பிரிந்துவிடும், ஏனென்றால் பச்சை இலை அந்தக் கதிரை நன்றாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். இந்த ஒன்றை வைத்தே ஒரு பீரியட் ஓட்டலாம்.

உசிலம்பட்டி ஆசிரியர்: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் இருக்கும் கலரெல்லாம் நிஜமா?

நம் கண்ணுக்கு அப்படித் தெரியாது. வெப் பிடிப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு. அதில் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று பொதுவாக ஏற்றுகிறார்கள். கண்மாய்ப் படம் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

வாடிப்பட்டி டீச்சர்: இலை காற்று வாங்கும் நுண்துளையை, அதாவது இலைத்துளையை, இப்படிப் பெரிய படமாக எடுக்க முடியுமா?

முடியும். லேபில் இருக்கும் மைக்ரோஸ்கோப்பில் போனை வைத்து, ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் விழும்படி எடுங்கள். போகஸும் வெளிச்சமும் லாக்கில் இருக்கட்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். ஒட்டுவதற்கு ஹியூகின் என்ற இலவச மென்பொருள் போதும். செம்பருத்தி இலையில் மேல்தோல், அடித்தோல் இரண்டையும் எடுத்துத் துளைகளை எண்ணச் சொல்லுங்கள். அடியில்தான் அதிகம் என்று முடிவுகட்டிய பிறகு தாமரை இலையைக் கொடுங்கள், அதில் துளையெல்லாம் மேலே இருக்கும்.