துவைக்கிற கல்லில் மினுக்கும் பொட்டுகள்: கல் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் குப்பம், பர்கூர், ஊத்தங்கரை, குடியாத்தம் பக்கத்திலிருந்து. ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் காலை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு கல் மின்னத்தான் செய்யும். மினுக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அது எந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: பழைய வீட்டை இடிச்சப்போ துவைக்கிற கல் ஒண்ணு கிடைச்சுது. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 4 அங்குல கனம். பார்க்க கருங்கல் மாதிரிதான். ஆனா ஓரம் உடைஞ்ச இடத்துல மஞ்சளாவும் வெள்ளியாவும் பொட்டுப் பொட்டா மின்னுது. நாலு பேர் சேர்ந்துதான் நகர்த்தினோம். என்ன கல் சார் இது? (குப்பம்)

நாலு பேர் நகர்த்தியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் கொடுத்த அளவுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை கன அடி. சாதாரண கிரானைட்டாக இருந்தால் 112 கிலோ, டாலரைட் என்கிற கறுப்புக் கல்லாக இருந்தால் 127 கிலோ. இரண்டுக்கும் நாலு பேர் வேண்டும். அடர்த்தியைச் சரியாகப் பார்க்க சிறு சில்லு ஒன்று போதும்.

உடைந்த ஓரத்திலிருந்து 200 முதல் 400 கிராம் வரை ஒரு சில்லு எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள், தெறிக்கும். மேல்தோல் இல்லாத புதுக்கல்லாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து, சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு மக்கில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். சில்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் சில்லின் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 318 கிராம் சில்லு, தண்ணீரில் 106 காட்டினால், அடர்த்தி 3.0.

தப்பு வருவது இரண்டு இடத்தில். சில்லு அடியில் பட்டால் எண் திடீரென்று ஏறிவிடும். சில்லு சிறியதாக இருந்தால் ஒரு கிராம் தராசு ஏமாற்றும். 50 கிராம் சில்லில் ஒரு கிராம் கூடக் குறைய வந்தாலே விடை 2.8 ஆகவும் இருக்கலாம், 3.1 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் 200 கிராமுக்குக் குறையக்கூடாது என்கிறோம்.

2.6 முதல் 2.7 வந்தால் கிரானைட் அல்லது நைஸ், அதாவது வரி வரியாக இருக்கும் கல். 2.9 முதல் 3.1 வந்தால் டாலரைட், கேப்ரோ, ஆம்பிபொலைட் வகைக் கருநிறக் கற்கள். 3.3-ஐத் தாண்டினால் கார்னெட் என்கிற கனமான தாதுவோ இரும்புத் தாதுவோ நிறைய இருக்கிறது. 4-க்கு மேல் என்றால் கல்லில் பெரும்பகுதி உலோகத் தாதுதான்.

உங்கள் ஊரைப் பார்த்தால் 3.0 வரும் என்றே நினைக்கிறோம். குப்பத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை கிரானைட்டையும் நைஸையும் கிழித்துக்கொண்டு டாலரைட் சுவர்கள் மைல் கணக்கில் ஓடுகின்றன. அவற்றில் பல, 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. சந்தையில் பிளாக் கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தக் கல்தான். புது உடைப்பை நனைத்து, வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். சாம்பல் நிறக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்து, இடையே கறுப்பு நிரம்பியிருந்தால் டாலரைட். வரி வரியாக இருந்தால் வேறு கல். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அது கடப்பாக் கல், அதாவது சுண்ணாம்புக் கல். அதிலும் மஞ்சள் பொட்டுகள் இருக்கலாம்.

இனி பொட்டுக்கு வருவோம். லென்ஸுக்குக் கீழே வைத்து தையல் ஊசியால் ஒன்றைக் குத்துங்கள். பைரைட் (தங்கம்போல் மின்னும் இரும்பு-கந்தகத் தாது) வழுக்கும், அழுத்தினால் பொடியாகித் தெறிக்கும். சால்கோபைரைட் அதைவிட எளிதாக நொறுங்கும். தங்கமாக இருந்தால் குழி விழும், நொறுங்காது. காக்காய்ப்பொன் என்கிற மைக்காவாக இருந்தால் ஏடு ஏடாகக் கிளம்பும்.

அடுத்து உரசல் நிறம். பொட்டு சிறியது என்பதால் கல்லையே தேய்க்காதீர்கள், சுற்றியிருக்கும் கல்லின் பொடிதான் வரும். ஒரு துணுக்கை ஊசியால் பெயர்த்து, மெருகில்லாத பீங்கானில் வைத்து நசுக்கி இழுங்கள். காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்குமே, அது போதும். வெளிர் மஞ்சள் பொட்டு பச்சை கலந்த கறுப்புக் கோடு போட்டால் பைரைட். இன்னும் கொஞ்சம் ஆழ்ந்த மஞ்சள், மேலே மயில்கழுத்து நிறம், அதே கரும்பச்சைக் கோடு என்றால் சால்கோபைரைட், செம்பின் தாது. வெண்கல நிறமாக இருந்து, நூலில் தொங்கும் காந்தத்தை லேசாக இழுத்தால் பைரோடைட், இதுவும் இரும்பு-கந்தகத் தாதுதான். உங்கள் வெள்ளிப் பொட்டுகள் கருஞ்சாம்பலாக இருந்து காந்தத்தை நன்றாக இழுத்தால் மேக்னடைட் என்கிற இரும்புத் தாது, சும்மா இருப்பதுபோல் இருந்தால் இல்மனைட் என்கிற டைட்டானியத் தாது. டாலரைட்டில் இவை எல்லாமே சகஜம். மஞ்சள் கோடு விழுந்தால்தான் தங்கம். டாலரைட்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கல்லைத் துவைக்கவே வைத்துக்கொள்ளுங்கள். பைரோடைட் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் துருக்கறை வரும், வெள்ளை வேட்டியை அதன்மேல் ஊறப்போட வேண்டாம்.

கேள்வி: எங்க நிலத்துல வெள்ளைக் கல்லுல மஞ்சள் நரம்பு ஓடுது. நகை டெஸ்ட் பண்ற மெஷின்ல வெச்சோம், தங்கம் 2 சதவீதம்னு காட்டுது. கோலார் பக்கம்தானே, இருக்கும்தானே அண்ணா? (வி.கோட்டா)

2 சதவீதம் என்றால் ஒரு டன் கல்லில் 20 கிலோ தங்கம். சுரங்கங்கள் டன்னுக்குச் சில கிராம் கிடைத்தாலே தோண்டுகின்றன. எண்ணைப் பார்த்ததுமே மெஷின் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

காரணம் இதுதான். அந்த எக்ஸ்-ரே மெஷின் நகைக்காகச் சரிசெய்யப்பட்டது. எதிரே இருப்பது தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகக் கலவை என்று எடுத்துக்கொண்டு, மொத்தத்தை 100 ஆக்கிக் காட்டும். கல்லில் பெரும்பகுதியான சிலிக்கானும் ஆக்ஸிஜனும் அதன் கணக்கிலேயே வராது. போதாததற்கு, துத்தநாகம், டங்ஸ்டன், ஆர்சனிக் ஆகியவற்றின் எக்ஸ்-ரே கோடுகள் தங்கத்தின் கோடுகளை ஒட்டியே விழும். பைரைட்டில் துளி ஆர்சனிக் இருந்தால்கூட மெஷின் குழம்பும். அதைவிட, அதே கடையிலுள்ள உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம்பகமானது. பைரைட் கரும்பச்சையாக உரையும், தங்கம் மஞ்சளாக உரையும்.

உங்கள் நம்பிக்கையை அடியோடு வெட்டவும் முடியாது. கோலார் தங்கப் பட்டை தெற்கே இறங்கி சித்தூர் மாவட்டத்துக்குள் வருகிறது. குப்பத்துக்குப் பக்கத்தில் பிசாநத்தத்திலும் சிகர்குண்டாவிலும் தங்கச் சுரங்கங்கள் நடந்தன. கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. ஆனால் பட்டை என்பது ஒடுங்கியது. அதிலிருந்து கொஞ்சம் விலகினால் வெறும் நைஸ்தான். உங்கள் வெள்ளைக் கல்லுக்கு, அதாவது குவார்ட்ஸ் நரம்புக்கு, இரண்டு பக்கமும் இருக்கும் கல்லைப் பாருங்கள். கரும்பச்சையாக, அழுத்தமாக, 3.0 அடர்த்தியோடு ஆம்பிபொலைட் இருந்தால் மேலே செலவு செய்யலாம். இளஞ்சிவப்பு, சாம்பல் கிரானைட்டாக இருந்தால் விட்டுவிடலாம்.

செலவு செய்வதென்றால் ஃபயர் அஸ்ஸே, கல்லை உருக்கித் தங்கத்தை அளக்கும் ஆய்வகச் சோதனை. நரம்பின் நீளத்தில் ஐந்தாறு இடத்தில் சில்லெடுத்து, மொத்தம் 2 கிலோ கொடுங்கள். மின்னுவதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் வரும் எண் உங்கள் நிலத்தைப் பற்றியதாக இருக்காது. ஆய்வகத்தில் எல்லாவற்றையும் பொடித்துக் கலந்து, அதில் 30 அல்லது 50 கிராமை ஈய ஆக்ஸைடோடு உருக்குவார்கள். விடை டன்னுக்கு இத்தனை கிராம் என்று வரும்.

வீட்டில் வறுப்பது, பாதரசம் போடுவது, நைட்ரிக் ஆசிட் ஊற்றுவது எதுவும் வேண்டாம். இந்தப் பட்டையில் ஆர்சனிக் உள்ள ஆர்சனோபைரைட் என்கிற தாது உண்டு. சுத்தியலால் தட்டும்போது பூண்டு வாசம் அடித்தால் அதுதான். அதைச் சூடாக்கினால் வரும் புகை ஆர்சனிக் விஷம்.

கேள்வி: கிச்சன் மேடையில போட்ட பிளாக் கிரானைட்ல ஆறு மாசத்துல பழுப்புப் புள்ளிகள். கல்லே மோசமா, இல்ல ஆசிட் ஊத்துனா போயிடுமா? (பர்கூர்)

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். இருக்கிற இரும்பைக் கரைத்து இன்னும் பரப்பிவிடும், சுற்றிலும் மஞ்சள் படியும்.

புள்ளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லென்ஸில் நடுவில் ஒரு பித்தளை நிறப் பொட்டும், சுற்றிலும் வட்டமாகக் கறையும் தெரிந்தால் கல்லுக்குள் இருக்கும் பைரைட்டோ பைரோடைட்டோ துருப்பிடிக்கிறது. பொட்டே இல்லாமல் சிறு பள்ளங்களில் மட்டும் கறை இருந்தால், அறுக்கும்போது சிக்கிய எஃகுப் பொடியாக இருக்கலாம். கேங்சா என்கிற பெரிய ரம்ப மெஷினில் எஃகுக் குருணையையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் ஊற்றித்தான் கிரானைட் அறுப்பார்கள். சரியாகக் கழுவாத ஸ்லாப்பில் குருணை தங்கிவிடும். வைரப் பல் வைத்த கட்டரில் அறுத்த கல்லில் இந்தப் பிரச்சினை இல்லை. கறை பாத்திர அடியளவு பெரிய வளையமாக இருந்தால் கல்லைத் திட்டாதீர்கள், ஈரத்தோடு வைத்த தோசைக்கல்லைத் தேடுங்கள்.

எடுக்கும் முறை: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட். கையுறை கட்டாயம், விஷம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. அந்தத் தண்ணீரில் டால்க் பவுடரைத் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, கறைமேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஓரத்தை டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிறகு ஷீட்டை எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். காயும்போதுதான் கறை பவுடருக்குள் ஏறும், இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் 'போகவே இல்லை' என்பது. சுரண்டிவிட்டு நாலைந்து தடவை தண்ணீரால் கழுவுங்கள். எஃகுப் பொடிக் கறை பெரும்பாலும் ஒன்றிரண்டு முறையில் போய்விடும். தாதுக் கறை சில மாதத்தில் திரும்ப வரும். மேலே சீலர் அடித்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கடப்பாக் கல் மேடையில் இதைச் செய்தால் பாலிஷ் மங்கிவிடும்.

இன்னொன்று, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து மேடையின் மூலையில் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால், சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். அது தனிச் சண்டை.

கேள்வி: வெள்ளைக் கல் பலகையில ஈய நிறத்துல செதில் செதிலா ஒட்டியிருக்கு. தொட்டா கை கறுக்குது, காகிதத்துல எழுதுது. பென்சில் கல்லா? (ஊத்தங்கரை)

வேறு ஊராக இருந்தால் கிராஃபைட், அதாவது பென்சில் கல் என்று ஒரு வரியில் முடித்திருப்போம். அரூர்–ஊத்தங்கரை பட்டை மாலிப்டினைட்டுக்கு, அதாவது மாலிப்டினம் உலோகத்தின் தாதுவுக்கு, பெயர்போனது, அதனால் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டும் மென்மை, இரண்டும் வழவழப்பு, இரண்டும் எழுதும். கிராஃபைட்டின் நிறம் கறுப்புச் சாம்பல், மாலிப்டினைட்டில் லேசான நீலம் ஓடும். மெருகுள்ள பீங்கான் தட்டில் செதிலை அழுத்தித் தேய்த்து, விரலால் பரப்பிப் பாருங்கள். கிராஃபைட் கறுப்பாகவே இருக்கும், மாலிப்டினைட் பச்சைச் சாயல் காட்டும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் பச்சை பிடிபடாது. கிராஃபைட்டின் அடர்த்தி 2.2, மாலிப்டினைட் 4.7. ஒரு சிட்டிகை செதிலைத் தனியாகப் பெயர்க்க முடிந்தால் கையிலேயே கனம் தெரியும்.

பச்சை வந்தால், எந்த சர்வே எண்ணில், தரையிலிருந்து உடைத்ததா அல்லது உருண்டு கிடந்ததா என்று குறித்து வையுங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது, அங்கே காட்டலாம். பட்டா நிலமானாலும் விற்பனைக்குத் தோண்ட கனிமவளத் துறை அனுமதி வேண்டும்.

கேள்வி: உழும்போது கறுப்பா ஒரு கட்டி. அளவுக்கு மீறின கனம், காந்தம் ஒட்டுது. விண்கல்லா? (குடியாத்தம்)

முதலில் கிட்டமா என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் பழைய காலத்தில் இரும்பு உருக்கிய இடங்கள் உண்டு, உலையிலிருந்து வழிந்த கிட்டம் இன்றும் வயலில் கிடைக்கும். உடைத்த முகத்தில் காற்றுக் குமிழ் ஓட்டைகள், வழிந்து உறைந்த மடிப்பு, கண்ணாடிப் பளபளப்பு, கரித்துண்டு இவற்றில் எது இருந்தாலும் கிட்டம். விண்கல்லுக்குள் குமிழ் இருக்காது. மேலே மெல்லிய கருகிய தோல், உள்ளே வெளிறிய கல், அதில் சிதறலாக இரும்பு மணிகள், இப்படி இருந்தால் மேற்கொண்டு உடைக்காமல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். பீங்கானில் செம்பழுப்புக் கோடு போட்டால் ஹெமடைட் என்கிற இரும்புத் தாது.

கேள்வி: ஒருத்தர் கல்லுக்குள்ள இரிடியம் இருக்கு, அரிசியை இழுக்கும், டெஸ்டுக்கு மட்டும் 2 லட்சம் கட்டுங்கன்றார். (பெயர் வேண்டாம் என்கிறார்)

கட்டாதீர்கள். எந்தக் கல்லும் எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. இழுத்துக் காட்டினால் அரிசியில் இரும்புத்தூள் தடவியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

கேள்வி: போட்டோ அனுப்பினா போதுமா? (நகரி)

நாலு படம் அனுப்பினால் பேசலாம். புது உடைப்பு உலர்ந்தபடி ஒன்று, அதையே நனைத்து ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து மினுக்கும் இடத்தின் நெருக்கப் படம் ஒன்று, கல் கிடந்த இடம் ஒன்று. வெயிலுக்கு முதுகு காட்டி எடுங்கள், ஃப்ளாஷ் போட்டால் மைக்காவும் பைரைட் போலவே தெரியும். கூடவே அடர்த்தி எண், காந்தம் இழுத்ததா, கோடு என்ன நிறம் என்று ஒரு வரி. பாலிஷ் போட்ட முகத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் பதில் சொல்வது கஷ்டம். அதற்கு ஆய்வகத்தில் கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.