பெண்ணியம்: நீங்கள் கேட்டவை, நான் சொல்வது

கேள்வி: அக்கா, பெண்ணியம் என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஒரு பெண், பெண்ணாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக இன்னொருவரிடம் அனுமதி கேட்டு வாழ வேண்டியிருக்கக் கூடாது. என் வரி இதுதான். அனுமதி என்று நான் சொல்வது உவமைக்கு அல்ல, நிஜமாகவே கேட்க வேண்டியிருந்தது. பிரான்சில் 1965இல் சட்டம் மாறும் வரை கணவன் சம்மதிக்காமல் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க முடியாது. மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லையென்றால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டு கிடைத்தது 1971இல். ஏதோ ராஜா காலத்துக் கதை இல்லை, இதையெல்லாம் அனுபவித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கேள்வி: அதான் ஓட்டு, படிப்பு, வேலை எல்லாம் வந்துவிட்டதே மேடம். இன்னும் என்ன வேண்டும்?

நிறைய பேர் கேட்டிருப்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சட்டம் மாறினால் தடை போகும், பழக்கம் போகாது. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது பெண்களின் சம்பளத்தைத்தான். வசதியான நாடுகளில் ஒரே படிப்பு படித்து ஒரே தொழிலில் சேரும் ஆணும் பெண்ணும் ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போகிறார்கள், இடைவெளி பெரிதாகத் தெரிய ஆரம்பிப்பது முதல் குழந்தை பிறந்த பிறகு. ராத்திரி எட்டு மணிக்கு அழைத்தாலும் ஓடி வருபவருக்கு நிறுவனங்கள் கூடுதலாகக் கொடுக்கின்றன. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் ஓடுகிறார் என்பது உங்களுக்கே தெரியும். இதில் யாரும் யாரையும் விரட்டவில்லை, சட்டமும் மீறப்படவில்லை, ஆனாலும் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் மேலே இருக்கிறார், ஒருவர் அதே இடத்தில் இருக்கிறார்.

மருந்துக்கு வாருங்கள். குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் சொன்னது. கருவுக்கு ஆபத்து வரக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். 1993இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். சோல்பிடெம் என்று ஒரு தூக்க மாத்திரை, 1992இல் அங்கே அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கலாம் என்று சொல்லிப் பெண்களுக்கான அளவை அதே அமைப்பு பாதியாக்கியது 2013இல். கிட்டத்தட்ட இருபது வருடம்! பெண்களை வெறுத்து யாரும் அப்படிச் செய்யவில்லை. ஆணுக்குச் சரியென்றால் எல்லோருக்கும் சரி என்று இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சுற்றி வளைக்காதீர்கள், ஆண்களை வெறுப்பதற்குத்தானே இந்தப் பெயர்?

இல்லை. வெறுப்பவர்களும் இருக்கலாம், அது அவர்கள் பாடு.

கேள்வி: ஆண்களுக்கும் கஷ்டம் இருக்கிறது, அதை நீங்கள் பேசுவதே இல்லை.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார், கைக்குழந்தையோடு கணவர் நிற்கிறார். மனைவிதான் அதிகம் சம்பாதித்தவர், சமூகப் பாதுகாப்பு வரியும் ஒழுங்காகக் கட்டியவர். ஆனால் குழந்தையை வளர்ப்பவருக்கான உதவித்தொகை விதவைக்கு மட்டும்தான், மனைவியை இழந்த ஆணுக்குக் கிடையாது என்றார்கள். அவருக்காக வாதாடியவர் ரூத் பேடர் கின்ஸ்பெர்க், பெண்ணுரிமை வழக்கறிஞர். 1975இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண் சம்பாதிக்க வேண்டும், பெண் வளர்க்க வேண்டும் என்கிற ஒரே விதிதான் இரண்டு பேரையும் அடித்தது. அழக் கூடாது, வேலை போனால் ஆம்பளையே இல்லை என்பதெல்லாம் அந்த விதியோடு வரும் இலவச இணைப்பு.

கேள்வி: இதெல்லாம் படித்த, வசதியான பெண்களின் பேச்சு இல்லையா?

பாதி சரி, ஒப்புக்கொள்கிறேன். கருப்பினப் பெண்களான எங்களிடம் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று அமெரிக்காவில் சிலர் ஒரு கார் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது என்றது நீதிமன்றம். எடுத்தது அலுவலக வேலைக்கு வெள்ளையினப் பெண்களை. கருப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, அது தொழிற்சாலை வேலைக்கு ஆண்களை. இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்களைத் தனிப் பிரிவாகப் பார்க்க முடியாது என்று 1976இல் கைவிரித்துவிட்டார்கள். இந்த ஓட்டையைக் காட்டித்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1989இல், ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்பவருக்கு அடி வேறு மாதிரி விழுகிறது என்று எழுதினார். மேலே இருப்பவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்கிற பெண்ணியம் எனக்கும் ஒத்துவராது.

கேள்வி: நான் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் இருப்பதுதான் பிடித்திருக்கிறது. அப்போது நான் பெண்ணியவாதி இல்லையா அக்கா?

தாராளமாக இருங்கள் தங்கச்சி. நாளைக்கு மனம் மாறினால் வெளியே போக வழி இருக்கிறதா, கையில் உங்கள் பெயரில் ஏதாவது பணம் இருக்கிறதா, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலை வேலையே இல்லை என்று யாராவது சொன்னால் ஐஸ்லாந்தைச் சொல்லுங்கள். 1975 அக்டோபர் 24 அன்று அங்கே ஏறக்குறைய பத்தில் ஒன்பது பெண்கள் அலுவலக வேலை, வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒருநாள் நிறுத்தினார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கேள்வி: பெண்ணுக்காகக் கதவைத் திறந்து பிடித்தால் திட்டுவீர்களா?

பின்னால் யார் வந்தாலும் பிடியுங்கள் தம்பி.

கேள்வி: நான் ஆண். வீட்டு வேலையில் மனைவிக்கு நிறைய உதவுகிறேன். வேறு என்ன செய்யலாம்?

அந்த ‘உதவுகிறேன்’ என்ற சொல்லைப் பாருங்கள், வேலை அவருடையது, நீங்கள் கை கொடுக்கிறீர்கள் என்று ஆகிறது. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? உங்களுக்கு இல்லையென்றால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், செய்வது மட்டுமல்ல, ஞாபகம் வைத்திருப்பதும் உங்கள் பொறுப்பு. முதல் மாதம் எப்படியும் ஒன்றிரண்டு சொதப்பும், அதை நீங்களே சரி செய்யுங்கள், அவரைக் கூப்பிடாதீர்கள்.