ஷேக்ஸ்பியரைக் கற்பிக்கும்போது சொல்லப்படும் 'நாடக முரண்' என்றால் என்ன?

மேடையில் நிற்கும் பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருப்பதால், அப்பாத்திரம் இயல்பாகப் பேசும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துவிடுவதே நாடக முரண்.

மொட்டைமாடியில் நிற்பவருக்குத் தெருமுனைக்கு அப்பால் மிரண்டு ஓடிவரும் மாடு தெரிகிறது. கீழே பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பவருக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டே மேலிருப்பவரைப் பதறவைக்கிறது.

'மெக்பெத்' நாடகத்தின் முதல் அங்கம், ஐந்தாம் காட்சியில் மன்னன் டங்கனைக் கொல்ல மெக்பெத்தின் மனைவி உறுதிகொள்கிறாள். அடுத்த காட்சியிலேயே மெக்பெத்தின் கோட்டை வாசலுக்கு விருந்தினனாக வந்து நிற்கும் டங்கன், இடம் இனிமையானது, காற்றும் இதமானது என்று மகிழ்கிறான். உடன்வந்த பாங்கோவோ அங்கே கூடு கட்டியிருக்கும் பறவைகளைக் காட்டி அதை ஆமோதிக்கிறான். அவ்வரிகளைத் தனியே படித்தால் வெறும் வருணனைதான். ஆகவே, என் கருத்தில், இரு காட்சிகளையும் ஒரே வகுப்பில், இடைவெளியின்றி, மாணவர்களையே உரக்கப் படிக்கச் செய்வது எந்தக் குறிப்பேட்டு விளக்கத்தையும்விடச் சிறந்தது.

பார்வையாளரை வியக்கவைக்கும் எதிர்பாராத திருப்பத்தையே நாடக முரண் எனப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் திருப்பம் நம்மிடமிருந்து மறைக்கப்படுவது, முரணோ நமக்கு முன்கூட்டியே சொல்லப்படுவது.