ஈசிஎம் போய்விட்டது என்று பணிமனையில் சொன்னால் எப்படி உறுதி செய்வது?

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, கோளாறு பார்க்கும் ஸ்கேனருக்கும் என்ஜின் கணினியான ஈசிஎம் பதில் தரவில்லை, அதனால் அதை மாற்றச் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஸ்கேனருக்குப் பதில் வராதது ஈசிஎம் பேசவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது; அது பழுதானதால் பேசவில்லையா, மின்சாரம் போய்ச் சேராததால் பேசவில்லையா என்பது அதிலிருந்து தெரியாது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் நான் பார்த்தவரை, ஈசிஎம் பழுது என்று சொல்லப்பட்டு வரும் வண்டிகள் பலவற்றில் கோளாறு ஒயரிங்கிலோ எர்த்திலோ ஏதாவது ஒரு சென்சாரிலோதான் இருக்கிறது.

ஈசிஎம்முக்குப் பொதுவாக மூன்று வழிகளில் 12 வோல்ட் வருகிறது: பாட்டரியிலிருந்து எப்போதும் வருவது, சாவியை ஆன் செய்ததும் வருவது, மெயின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக வருவது. பல வண்டிகளில் மெயின் ரிலேவை இயக்குவதே ஈசிஎம்தான் என்பதால், ரிலே இழுக்கவில்லை என்பதை வைத்து இரண்டில் எதையும் குறை சொல்ல முடியாது. முதல் இரண்டு வழிகளையும் அளந்த பிறகே பேச வேண்டும். அளப்பதிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டினால் போதாது. எலி கடித்து ஒரே ஓர் இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் முழு வோல்ட்டைக் காட்டும்; கனெக்டரைக் கழற்றி, அந்த ஒயரில் 21 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். எர்த்தையும் இப்படி மின்சாரம் ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும்: கனெக்டரைத் திரும்ப மாட்டி, சாவி ஆன் நிலையில், எர்த் பின்னுக்கும் பாட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். (கனெக்டரைக் கழற்றும் முன்பும் மாட்டும் முன்பும் பாட்டரி முனையை எடுத்துவிடுங்கள், அளக்கும்போது மட்டும் அதைத் திரும்ப மாட்டுங்கள், மீட்டரின் தடித்த முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள், அது புதிதாக ஒரு பழுதை உண்டாக்கும்.)

பலர் கவனிக்காமல் விடுவது 5 வோல்ட் லைனை. மேப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), த்ராட்டில், ஏசி பிரஷர் சென்சார் போன்றவற்றுக்கு ஈசிஎம்மே 5 வோல்ட் தருகிறது. பல சென்சார்கள் ஒரே லைனைப் பகிர்ந்துகொள்வதால், ஏசி சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால்கூட லைன் முழுவதும் விழுந்து என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். சில வண்டிகளில் ஸ்கேனர் தொடர்பும் சேர்ந்தே அறுந்துவிடும். மீட்டரை அந்த லைனில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

ஸ்கேனர் சாக்கெட்டில் 16ஆம் பின்னில் பாட்டரி மின்சாரமும் 4, 5ஆம் பின்களில் எர்த்தும் இருக்க வேண்டும். கேன் இணைப்பு (வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர் லைன்) உள்ள வண்டிகளில், பாட்டரியைக் கழற்றிய நிலையில் 6க்கும் 14க்கும் இடையே பெரும்பாலும் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது லைனின் ஒரு முனையில் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் இணைப்பில் இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்து, செல்ஃப் சுற்றும்போது கிராங்க் சென்சாரின் (என்ஜின் சுழல்வதை ஈசிஎம்முக்குச் சொல்வது) சிக்னலும் ஈசிஎம் பின் வரை வந்து, இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத மின்னணுப் பூட்டு) தடுக்காமல் இருந்து, அப்போதும் இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் ஈசிஎம் பின்னிலிருந்தே துடிப்பு வரவில்லை என்றால், அப்போது ஈசிஎம்மைக் குறை சொல்லலாம். ஸ்கேனர் தொடர்பு இருக்கும் வண்டியில் பி0601, பி0606 போன்ற பிழைக் குறியீடுகள் ஈசிஎம்மின் உள் நினைவகத்தையும் பிராசசரையும் சுட்டுகின்றன, ஆனாலும் வோல்டேஜ் குறைந்தால் அவையும் வரக்கூடும் என்பதால் அழித்துவிட்டு மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதே முறை. ஈசிஎம் பழுதே ஆகாது என்று நான் சொல்லவில்லை: 2005 முதல் 2008 வரையிலான டொயோட்டா கொரோல்லா, மேட்ரிக்ஸ் கார்களில் ஈசிஎம் பலகையின் சாலிடர் இணைப்புகளில் விரிசல் விழலாம் என்பதற்காக, 2010இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சூடானால் மட்டும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் இத்தகைய விரிசலையும் நினைவில் வைக்க வேண்டும், ஆனால் கிராங்க் சென்சாரும் இதே குணத்தைக் காட்டும் என்பதால் அதை முதலில் பாருங்கள்.

வேறொரு வண்டியின் ஈசிஎம்மைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதை மட்டும் சோதனை என்று ஏற்காதீர்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் சாவி பொருந்தாமல் நல்ல ஈசிஎம்மும் ஸ்டார்ட் செய்யாது. ஆகவே அதன் முடிவு எதையும் நிரூபிப்பதில்லை. உண்மையிலேயே மாற்ற வேண்டி வந்தால், புதியதை மாட்டும் முன் இக்னிஷன் காயில், இன்ஜெக்டர்களின் ஓம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியின் சாதாரண இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். ஷார்ட் ஆன ஒன்று பழைய ஈசிஎம்முக்குள் அதை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டை எரித்திருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு மாட்டும் புதிய ஈசிஎம்மையும் எரித்துவிடும்.