பிரிட்டிஷ் ஓவியர் டோனி ஹார்ட் குழந்தைகளுக்காக நடத்திய 'டேக் ஹார்ட்' என்ற பிபிசி ஓவிய நிகழ்ச்சி ஏன் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது?

முதல் காரணம், டோனி ஹார்ட் அதிகம் பேசவே மாட்டார். 1964-ல் பிபிசி தொடங்கிய 'விஷன் ஆன்' காது கேளாத குழந்தைகளையும் மனதில் வைத்து எடுத்த நிகழ்ச்சி. அதில் அவர் வரைவதைப் பார்த்தாலே போதும், எப்படிச் செய்வது என்று புரிந்துவிடும். அந்த நிதானத்தை அப்படியே 1977-ல் 'டேக் ஹார்ட்'டுக்கும் கொண்டுவந்தார். சில சமயம் கடற்கரை மணலில் பிரம்மாண்டமாக வரைவார், கேமரா மேலே போன பிறகுதான் அது என்ன படம் என்றே தெரியும்!

அப்புறம் மார்ஃப். பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் செய்த பழுப்பு நிறக் களிமண் அனிமேஷன் பொம்மை. மேசை மேல் ஒரு மரப்பெட்டியில் குடியிருந்துகொண்டு, ஹார்ட் வரைந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது சேட்டை செய்யும். லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும் தொடங்கிய ஆர்ட்மன் நிறுவனம்தான் பின்னாளில் 'வாலஸ் அண்ட் குரோமிட்' களிமண் அனிமேஷன் படங்களை எடுத்தது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 'கேலரி' பகுதிதான். குழந்தைகள் தபாலில் அனுப்பிய ஓவியங்களை, மெல்லிய இசை பின்னணியில் ஓட, வரைந்தவரின் பெயர், வயதோடு காட்டுவார்கள். ஆறு வயதுக் குழந்தையின் கிறுக்கலுக்கும் அங்கே முழு மரியாதை இருந்தது.