பர்மாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: ரங்கூன் பக்கம் ஏழைப் பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் கிறிஸ்தவ இல்லம் ஒன்றுக்கு மாதந்தோறும் உதவ எங்கள் சபையார் நினைக்கிறார்கள். அங்கேயே இருப்பவர்களின் கருத்து என்ன?

பதில்: உதவி செய்யுங்கள். ஆனால் இல்லத்துக்கு அனுப்புமுன் அந்தப் பிள்ளைகளின் வீடுகளை நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். ரங்கூனுக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் இருக்கும் டலாவில் எங்கள் சபை சனிக்கிழமைதோறும் நடத்தும் வகுப்பில் 14 ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் 'சயாமா' (பர்மிய மொழியில் ஆசிரியை), பாட்டிமாருக்கு 'டீச்சரம்மா'. ரங்கூனின் பான்சொடான் துறையில் படகேறினால் பத்து நிமிடத்தில் டலா வந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஊரே மாறிவிடுகிறது. சித்திரை வெயிலில் மழைநீர்க் குளங்கள் வற்றிவிட்டால் அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் தகரத்தைத் தொங்கவிட்டு, யாராவது லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தர்மம் செய்வார்களா என்று பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

அன்றாடம் கூலி வாங்குகிற வீட்டில் அன்றாடம்தான் அரிசி வாங்குவார்கள். இங்கே அரிசிக்கு அளவு பால் டப்பா. எட்டு டப்பா ஒரு பியி. மூட்டையாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, டப்பாவில் வாங்குகிறவளுக்கு அதைவிடக் கூடுதல் விலை. கையில் காசில்லாத நாளில் வட்டிக்காரர். வட்டி முற்றினால் பையன் தேநீர்க் கடைக்குப் போய்விடுவான். அவனுடைய சம்பளத்தைக் கடைக்காரர் பெற்றோரிடம் மொத்தமாக முன்பணமாகக் கொடுத்துவிடுவதும் உண்டு. இந்த நெருக்கடியில்தான் இல்லத்துக்காரர்கள் வந்து, மூன்று வேளைச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் தருகிறோம் என்கிறார்கள். எந்தத் தாய்தான் மறுப்பாள்? டலாவிலிருந்து இல்லங்களுக்குப் போனவர்களில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அநேகருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள்.

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஏழு வயதில் அப்படிப் போனாள். அம்மா துணி வெளுத்துப் பிழைக்கிறவர், கணவர் இல்லை. அந்த இல்லத்தின் பெயர் வேண்டாம். பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பிய படத்தின் கீழே 'அநாதை' என்று எழுதியிருந்தார்கள். அதைவிடப் பெரிய கேடு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசு பதிந்து தரும் அம்மாவின் குடும்பப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்து இல்லத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய கேடு என்பது வெளியூரில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1823க்கு முன்பிருந்தே இந்த மண்ணில் வாழ்ந்த இனத்தவர்தான் இயல்பான குடிமக்கள். இந்திய வழிவந்த எங்களைப் போன்ற மற்றவர்கள் தாத்தா, பாட்டி, பெற்றோரின் தாள்களைக் காட்டித்தான் ஆக வேண்டும். பத்து வயதில் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுக்கும்போது பிள்ளையின் பெயர் அம்மாவின் பட்டியலில் இல்லையென்றால், அவள் யார் வீட்டுப் பிள்ளை? அம்மா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய மாமியாரின் அந்நியர் பதிவுச் சான்று. 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் நனைந்து மை பரவிப்போயிருந்தது. முத்திரை மட்டும் தெரிந்தது. அந்த முத்திரையை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தோம். பெயரைத் திரும்பச் சேர்க்கப் பதினொரு மாதம் ஆயிற்று.

முன்பு இந்த நாட்டில் மிஷன் பள்ளிகள் இருந்தன. 1965இல் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே வெளிநாட்டு மிஷனரிகளும் வெளியேற வேண்டியதாயிற்று. கடைகள் அரசுடைமையான 1964ஐ ஒட்டி லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறிவிட்டார்கள். மிச்சமிருந்த சிறு சபைகளின் கையில் பள்ளிக்கூடமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் எங்கள் ஊழியம் சின்னது. மூட்டையாக அரிசி வாங்கி, மூட்டை விலைக்கே டப்பா அளந்து கொடுக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்குமுன் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, நோட்டுப் புத்தகம். வட்டிக் கடனில் ஒரு பங்கு. தாள் வேலைக்கு ஆள் துணை. அம்மன் கோயிலுக்குப் போகிற வீடும், புத்தரைக் கும்பிடுகிற பக்கத்து வீடும் இதில் உண்டு. அரிசி வாங்க வருகிறவரிடம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பசித்தவருக்குக் கொடு என்று சொன்ன ஆண்டவர் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அரிசி விலை பல மடங்கு ஏறிவிட்டது, கொடுக்கிற டப்பாவும் குறைந்துவிட்டது. கட்டாய ராணுவச் சேவை 2024இல் வந்தபின் வாலிபப் பிள்ளைகள் தாய்லாந்துக்குப் போய்விட்டதால் மூட்டை தூக்கவும் ஆளில்லை.

எனவே அந்த இல்லத்தாரிடம் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் உண்டு? போன ஆண்டு எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்? பிள்ளைகளின் பெயர் யார் பட்டியலில் இருக்கிறது? நேராகப் பதில் சொன்னால் தாராளமாக அனுப்புங்கள். உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகளுக்கு இல்லம் வேண்டும்தான். மழுப்பினால் அந்தப் பணத்தை வீடுகளுக்கே சேர்க்கிற சபையைத் தேடுங்கள். படம் கேட்டு மட்டும் வற்புறுத்தாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினைந்து வயது, அம்மாவோடுதான் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் துறைக்கு வந்து என் பையை வாங்கிக்கொள்வாள். தமிழ் பேசுவாள், எழுத்து வராது. கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறாள். பர்மிய மொழியில் 'ழ' கிடையாது. அது வருகிற இடத்திலெல்லாம் எழுத்தின் கீழே சிறு கோடு போட்டிருக்கிறாள். அங்கே நாக்கை மடிக்க வேண்டுமாம். துணி வெளுத்துக்கொண்டே அம்மா சொல்லிக் கொடுத்தாராம்.