பழைய கல்யாண கேசட்டை எம்பி4 ஆக மாற்றினால் சத்தம் ஏன் தப்பிப் போகிறது?

கேள்வியின் சுருக்கம்: அக்கா கல்யாண வி.எச்.எஸ் கேசட்டைக் கடையில் கொடுத்து ஏவிஐ ஃபைலாக வாங்கியிருக்கிறீர்கள். போனில் பார்க்க எம்பி4 ஆக மாற்றினால், மாப்பிள்ளை அழைப்பில் சரியாக இருக்கும் சத்தம் தாலி கட்டும்போது படத்தோடு சேராமல் தப்பிப் போகிறது. கன்வெர்ட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீரவில்லை.

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். இதே சிக்கலோடு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, கன்வெர்ட்டரை மாற்றுவதை நிறுத்துங்கள் என்பதுதான். கடை கொடுத்த ஏவிஐ ஃபைலையே விஎல்சி பிளேயரில் போட்டுத் தாலி கட்டும் இடத்தைப் பாருங்கள். அதிலேயே தப்பியிருந்தால் எந்தக் கன்வெர்ட்டராலும் பயன் இல்லை. ஸ்பீக்கர் புளூடூத்தாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒயர் ஹெட்போனில் கேளுங்கள். புளூடூத்தே சத்தத்தைத் தாமதப்படுத்தும். ஃபைலில் குறையே இல்லாமல், இதனால் மட்டும் குழம்பி வருகிறவர்களும் உண்டு.

அடுத்து, எவ்வளவு தப்புகிறது என்று அளக்க வேண்டும். நாதஸ்வரத்தை வைத்து அளக்க முடியாது, அது இழுத்துக்கொண்டே போகும். பேசுகிறவர் உதடும் பழைய கேசட்டில் தெளிவாகத் தெரியாது. தவிலைப் பிடியுங்கள். கெட்டிமேளத்தில் தவில்காரர் இடது கைக் குச்சி தோலில் படுகிற ஃபிரேமை, அதாவது அந்த ஒற்றைப் படத்தை, தேடுங்கள். ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச எடிட்டரில் ஃபைலை வைத்தால், கீழே ஆடியோ அலையில் அந்த அடி தனியாக எழும்பித் தெரியும். குச்சி பட்ட ஃபிரேமுக்கும் அலை எழும்பிய இடத்துக்கும் நடுவில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். நம் ஊர் கேசட் பால் (PAL) என்கிற வீடியோ முறை, நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். எட்டு ஃபிரேம் தள்ளியிருந்தால் 320 மில்லிசெகண்ட்.

இதை மூன்று இடத்தில் செய்யுங்கள்: மாப்பிள்ளை அழைப்பு மேளம், தாலி கட்டு, கடைசியில் ஏதாவது ஒரு கைதட்டல். சிக்கல் எந்த வகை என்பதை அந்த மூன்று எண்ணே சொல்லிவிடும்.

மூன்றும் ஒன்றாக இருந்தால் வேலை சுலபம். விஎல்சியில் ஜே, கே பட்டன்கள் சத்தத்தை 50 மில்லிசெகண்ட் முன்னும் பின்னும் நகர்த்தும், ஆனால் அது பார்க்கும் நேரத்துக்கு மட்டும்தான். நிரந்தரமாகச் சரிசெய்ய எம்கேவி டூல்நிக்ஸ் என்கிற இலவச மென்பொருளில் ஆடியோ டிராக்கைத் தேர்ந்தெடுத்து, டிலே கட்டத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். சத்தம் பிந்தி வந்தால் மைனஸ் போட வேண்டும். படத்தைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது. எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் பெட்டிதான். உள்ளே இருக்கும் படமும் சத்தமும் வேறு விஷயம்.

எண் ஒரே சீராக வளர்ந்தால், அதாவது அரை மணியில் ஒரு நொடி, ஒரு மணியில் இரண்டு நொடி என்று போனால், படமும் சத்தமும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன என்று அர்த்தம். உதாரணமாக, நொடிக்கு 29.97 ஃபிரேம் படத்தை 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். இதற்கு ஆடியோவைத் தனியாகப் பிரித்து, ஆடாசிட்டி என்கிற ஆடியோ எடிட்டரில் அந்த விகிதத்துக்கு வேகத்தை மாற்றி, திரும்ப ஒட்ட வேண்டும். இவ்வளவு சின்ன மாற்றத்தில் குரல் மாறினது காதுக்குத் தெரியாது.

உங்களுடையது மூன்றாவது வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன்: கொஞ்ச தூரம் சரி, திடீரென்று ஒரு தாவல், அப்புறம் இன்னொரு தாவல். டேப்பில் பூஞ்சை பிடித்தோ தேய்ந்தோ இருந்தால் சிக்னல் அறுந்து அறுந்து வரும். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கேப்சர் கார்டு அந்த ஃபிரேம்களை விட்டுவிடும், சத்தம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிவிடும். விட்ட ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சத்தம் 40 மில்லிசெகண்ட் பின்தங்கும். இதற்கு ஒரே எண்ணில் மருந்து கிடையாது. எடிட்டரில் தாவல் விழும் இடங்களில் எல்லாம் வெட்டி, துண்டு துண்டாகச் சத்தத்தை நகர்த்த வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் முகூர்த்தப் பகுதியை மட்டுமாவது செய்துவிடுங்கள், வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

எவ்வளவு நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும் என்றால், ஒளிபரப்புத் துறைக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையில் ஓர் அளவு இருக்கிறது. சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினால் கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 வரை தெரியாது. சத்தம் ஒளியைவிடப் பிந்தி வருவது இயற்கைதானே. சித்திரைத் தேர் மாசி வீதியில் வரும்போது நூறு மீட்டர் தள்ளி மொட்டை மாடியில் இருந்து எடுத்தால், கொட்டுச் சத்தம் கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்தித்தான் பதிவாகும். அது கேமராவின் குறை இல்லை. ஆகவே சந்தேகமாக இருந்தால் சத்தத்தை ஒரு ஃபிரேம் பிந்தியே வையுங்கள்.

எல்லாம் சரியான பிறகு ஒரே ஒரு தடவை எம்பி4 ஆக்குங்கள். ஹேண்ட்பிரேக் என்கிற இலவசக் கன்வெர்ட்டரில் ஃபிரேம் ரேட் 25, கான்ஸ்டன்ட் (மாறாத வேகம்) என்று வைத்து, டீஇன்டர்லேஸை (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிவான கோடுகளை ஒரே படமாக்குவது) ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கை அசையும்போது ஓரமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். போனில் எடுத்த கிளிப்புகளைச் சேர்ப்பதாக இருந்தால் அவற்றையும் முதலில் இதேபோல் கான்ஸ்டன்டாக மாற்றுங்கள். போன் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைக்கும், எடிட்டர் அதில் தடுமாறும்.

கேசட் கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாக உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் பிளேயரில் போடாமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். ஆடும் டேப் சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் இருக்கிறதா, விட்டுப்போன ஃபிரேம் எத்தனை என்று காட்டுவார்களா என்று கேட்டு, ஆம் என்கிற இடத்தில் கொடுங்கள்.